முதல் டி.எஸ்.எல்.ஆர். கேமரா: 2,000 வெள்ளிக்குள் எதை வாங்கலாம்? பள்ளி மேடையும் தைப்பூச ரதமும் எடுக்க வேண்டும்

தண்ணீர்மலை_ஆசிரியை (பினாங்கு):

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பதினோரு ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறேன். பள்ளியில் எந்த நிகழ்ச்சி நடந்தாலும் படமெடுக்கும் பொறுப்பு என்னிடம்தான் வருகிறது. இதுநாள்வரை கைபேசியை வைத்தே சமாளித்து வந்தேன். சென்ற மாதப் பரிசளிப்பு விழாவில் எங்கள் மாணவிகள் கும்மி ஆடினார்கள். நான்காவது வரிசையில் உட்கார்ந்து அறுபத்து மூன்று படங்கள் எடுத்தேன். ஒன்றில்கூட ஒரு பிள்ளையின் கை கையாகத் தெரியவில்லை, வளையல் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் கோடுதான் இருந்தது. அன்றிரவே புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பெற்றோர்கள் படம் கேட்டார்கள். அனுப்ப எதுவும் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்காகவே 2,000 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்து வைத்திருக்கிறேன். பள்ளி மேடை ஒன்று; தைப்பூசத்தின்போது வெள்ளி ரதமும், அது வரும் வழியெல்லாம் உடைபடும் தேங்காய்களும் இன்னொன்று. இவை இரண்டையும் நன்றாக எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. ஊர் சுற்றிப் பார்க்கும்போது எடுக்கும் படங்கள் எப்படி வந்தாலும் பரவாயில்லை.

ஒரு பேரங்காடிக் கடையில் விசாரித்தேன். புதிய கேமராவுடன் 18-55, 70-300 மில்லிமீட்டர் என்று இரண்டு லென்ஸ்களும், பையும், முக்காலியும் இலவசமாகச் சேர்த்து, என் தொகைக்குச் சற்றே மேலாக விலை சொன்னார்கள். இரண்டு லென்ஸ் கிடைப்பது இலாபம்தானே என்று தோன்றுகிறது. ஆனாலும் வாங்குவதற்கு முன்பு விவரம் தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் இங்கே எழுதுகிறேன். எந்த நிறுவனத்துக் கேமரா, எந்த லென்ஸ், புதியதா பழையதா என்பதைச் சொல்லி உதவுங்கள்.

செந்தூல்_படக்காரர் (கோலாலம்பூர்):

வணக்கம் டீச்சர். பதினான்கு ஆண்டுகளாகக் கல்யாணப் படம் எடுத்து வருகிறேன். நீங்கள் கேட்டதில் மிக முக்கியமான செய்தி அந்த மஞ்சள் கோடுதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆடும் பிள்ளையின் கை அசையாமல் படத்தில் நிற்க வேண்டுமானால் ஷட்டர் ஏறக்குறைய 1/250 நொடிக்குள் திறந்து மூடிவிட வேண்டும். பள்ளி மண்டபத்தின் விளக்கு நம் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிந்தாலும் கேமராவுக்கு அது அரை இருட்டுதான். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை 55 மில்லிமீட்டர் வரை நீட்டினால் ஒளி உள்ளே வரும் அதன் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. சாதாரண மண்டபம் ஒன்றில் அந்தத் துளையோடு ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறனை) 3200-க்கு ஏற்றினாலும் 1/30 நொடிதான் கிடைக்கும். உங்கள் மஞ்சள் கோடு அப்படியே திரும்பி வரும். அதே இடத்தில், அதே ஐஎஸ்ஓவில், எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைப் பூட்டினால் 1/300 நொடி கிடைக்கும். எஃப் எண் குறையும்போது துளையின் பரப்பு அதன் இருமடிக் கணக்கில் கூடுவதால், 5.6-இலிருந்து 1.8-க்கு இறங்கும்போது ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி உள்ளே வருகிறது. எந்தக் கேமராவின் உடலை மாற்றினாலும் இந்தப் பத்து மடங்கு உங்களுக்குக் கிடைக்காது. முந்நூறு நானூறு வெள்ளி பெறும் ஒரு சிறிய லென்ஸ் அதைக் கொடுத்துவிடும்.

அதனால் அந்த இரட்டை லென்ஸ் பொட்டலத்தை வாங்காதீர்கள். அதில் வரும் 70-300 பெரும்பாலும் நடுக்கம் தாங்கும் வசதி இல்லாத வகையாக இருக்கும். 300 மில்லிமீட்டரில் கையில் பிடித்து எடுப்பதற்கே 1/450 நொடி தேவைப்படும். மண்டபத்தில் அதற்கு வழியே இல்லை. இலவச முக்காலியைத் தைப்பூசக் கூட்டத்தில் விரிக்கவும் முடியாது. இரண்டாவது லென்ஸுக்கும் முக்காலிக்கும் அவர்கள் கணக்குப் போட்ட பணத்தை நீங்கள் எஃப் 1.8 லென்ஸுக்குக் கொடுங்கள்.

உடலைப் பொறுத்தவரை, பத்து ஆண்டுப் பழையதாக இருந்தாலும் நன்கு பராமரிக்கப்பட்ட நடுத்தர வகைக் கேமரா ஒன்றே போதும் என்பது என் துணிபு.

பிறை_இளவல் (பிறை):

செந்தூல் அண்ணன் சொன்ன ஒளிக்கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனாலும், இந்த ஆண்டில் ஒருவர் முதன்முதலாகக் கேமரா வாங்கும்போது டி.எஸ்.எல்.ஆரை (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவை) பரிந்துரைப்பது சரியா என்று கேட்க விரும்புகிறேன். 2020-க்குப் பிறகு கேனனும் நிக்கானும் புதிய டி.எஸ்.எல்.ஆர். எதையும் வெளியிடவில்லை, பெண்டாக்ஸ் மட்டுமே அந்த வழியில் இன்னும் நிற்கிறது. கண்ணாடியில்லாக் (மிரர்லெஸ்) கேமராக்கள் முகத்தையும் கண்ணையும் தாமே தேடிப் பிடித்துக் குவியம் (ஃபோகஸ்) வைக்கின்றன. படம் வெளுத்துப்போகுமா கறுத்துப்போகுமா என்பது ஷட்டரை அழுத்தும் முன்பே, கண் வைத்துப் பார்க்கும் காட்சித்துளையில் தெரிந்துவிடுகிறது. ஆசிரியைப் பணி பார்ப்பவர் ஒளி மீட்டர், துளை என்றெல்லாம் படித்துக்கொண்டிருக்க நேரம் ஏது? சற்றுக் காத்திருந்து பணம் சேர்த்து, வளர்ந்துவரும் தொழில்நுட்பத்தில் கால் வைப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

செந்தூல்_படக்காரர்:

தம்பி சொல்வது முழுவதும் உண்மை. நானே இப்போது கல்யாணங்களுக்குக் கண்ணாடியில்லாக் கேமராவைத்தான் எடுத்துச் செல்கிறேன். ஆனால் டீச்சரிடம் இருப்பது 2,000 வெள்ளி. அந்தத் தொகைக்குப் புதிய கண்ணாடியில்லாக் கேமரா வாங்கினால் கிட் லென்ஸோடு பணம் முடிந்துவிடும், பிறகு எஃப் 5.6-இல்தான் மேடையை எடுக்க வேண்டும். கண்ணைத் தேடிப் பிடிக்கும் கேமராவாலும் 1/30 நொடியில் ஆடும் கையை நிறுத்த முடியாது. நிறுவனங்கள் கைவிட்டதால்தான் நல்ல டி.எஸ்.எல்.ஆர்கள் பாதிக்கும் குறைவான விலையில் சந்தைக்கு வருகின்றன; குறைந்த பணம் வைத்திருப்பவருக்கு இது நல்ல காலம்.

லென்ஸும் வீணாகப் போவதில்லை. கேனனின் ஈ.எஃப். லென்ஸ்கள் இணைப்பு வளையம் ஒன்றின் மூலம் இன்றைய கண்ணாடியில்லா ஆர் வகை உடல்களில் தானாகக் குவியம் வைத்தே வேலை செய்கின்றன. நிக்கானின் ஏ.எஃப்-எஸ் லென்ஸ்களுக்கும் எஃப்.டி.இசட். வளையம் இருக்கிறது. நாளைக்கு உடலை மாற்றினாலும் இன்று வாங்கும் லென்ஸ் கூடவே வரும்.

கிள்ளான்_மாணவி (கிள்ளான்):

டீச்சர், லென்ஸ் வாங்கும்போது நான் செய்த தவற்றை நீங்களும் செய்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கல்லூரியில் சேர்ந்த ஆண்டு என் சித்தப்பா தம்முடைய நிக்கான் டி3200 கேமராவைக் கொடுத்தார். இணையத்தில் ஒருவர் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8டி லென்ஸை மலிவாக விற்றார். பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் அதை வாங்கிவிட்டேன். வீட்டில் பூட்டிப் பார்த்தால் தானாகக் குவியம் வைக்கவே இல்லை. லென்ஸ் பழுது என்று நினைத்து அழுதேன். பிறகுதான் தெரிந்தது, அந்த வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவின் உடலில் இருக்கும் மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். டி3000, டி5000 வரிசைகளைச் சேர்ந்த உடல்களில் அந்த மோட்டார் வைக்கப்படவில்லை. டி90, டி7000, டி7100, டி7200 ஆகியவற்றில் இருக்கிறது. மோட்டார் இல்லாத உடலுக்கு ஏ.எஃப்-எஸ் என்று எழுதப்பட்ட லென்ஸைத்தான் வாங்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான சிக்கல் ஒன்றும் உண்டு. ஏ.எஃப்-பி என்று பெயர் கொண்ட புதிய லென்ஸ்கள் டி3200, டி5100, டி7000 போன்ற பழைய உடல்களில் குவியம் வைப்பதில்லை. விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. கேனனில் இந்தத் தொல்லை கிடையாது, 1987-இல் ஈ.எஃப். பூட்டு வந்த நாளிலிருந்தே அவர்கள் மோட்டாரை லென்ஸுக்குள்தான் வைக்கிறார்கள். ஆனால் ஈ.எஃப்-எஸ் என்பது சிறிய சென்சார் (படத்தைப் பதிவுசெய்யும் தகடு) கொண்ட உடல்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ்_பழுதுநர் (கோலாலம்பூர்):

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேமராவும் லென்ஸும் பழுது பார்த்து வருகிறேன். பழைய பொருள் வாங்கச் சொல்லும் நண்பர்கள், நம் நாட்டில் அதற்குள் குடியிருக்கும் எதிரியைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தையும் சொல்லாததால் நான் எழுத வேண்டியதாயிற்று. அந்த எதிரி பூஞ்சை.

என்னிடம் வரும் லென்ஸ்களில் கீழே விழுந்து உடைந்தவற்றைவிடப் பூஞ்சை பிடித்தவையே அதிகம். பெரும்பாலும் ஒரே கதைதான்: கல்யாணத்துக்கு அன்பளிப்பாக வந்த கேமரா, இரண்டு ஆண்டுகள் ஆசையாகப் படமெடுத்தார்கள், பிறகு பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து அலமாரிக்குள் வைத்தார்கள். அந்தப் பையின் உள்பஞ்சு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்கிறது; இருட்டு இருக்கிறது, காற்றோட்டம் இல்லை. ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தாலே பூஞ்சைக்குப் போதுமானது, நம் ஊரில் அது எளிதாக 80-ஐத் தொடுகிறது. சிலந்தி வலைபோல மெல்லிய வெள்ளை இழைகள் கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் படரும். தொடக்கத்திலேயே கொண்டுவந்தால் பிரித்துத் துடைத்துவிடலாம். நாளானால் பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும்; அதன் பிறகு எத்தனை முறை துடைத்தாலும் அந்தத் தடம் போகாது, விளக்கை நோக்கி எடுக்கும் படமெல்லாம் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிடும்.

எனவே பழைய லென்ஸைப் பார்க்கப் போகும்போது ஒரு சிறிய டார்ச் விளக்கு கொண்டு போங்கள். இரு முனை மூடிகளையும் கழற்றி, துளையை முழுவதும் திறந்துவைத்து, பின்புறத்திலிருந்து சாய்வாக விளக்கடித்து முன்புறம் வழியாகப் பாருங்கள். நேராக அடித்தால் கண் கூசும், எதுவும் தெரியாது. சாய்த்து அடித்தால்தான் இழைகள் வெள்ளையாக எழும்பித் தெரியும். ஓரிரண்டு தூசு இருந்தால் கவலை வேண்டாம், தூசில்லாத லென்ஸே கிடையாது. கிளை விட்ட கோடு ஒன்று தெரிந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். விலையைக் குறைக்கிறேன் என்பார்கள், கேட்காதீர்கள்.

உடலைப் பார்ப்பதற்கும் வழிமுறை உண்டு. வெள்ளைச் சுவரை எஃப் 16-இல் ஒரு படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கினால் சென்சாரின் கறை தெரிந்துவிடும். கைப்பிடி ரப்பர் ஊதி ஒட்டுகிறதா, பேட்டரிக்குழியின் தகடுகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். நிக்கானில் ஷட்டர் எத்தனை முறை அடித்தது என்ற எண் படக்கோப்புக்குள்ளேயே பதிவாகிறது. உங்கள் சொந்த மெமரி கார்டில் ஒரு படம் எடுத்து வந்து கணினியில் பார்த்துக்கொள்ளலாம். டி7100-இன் ஷட்டர் 150,000 அடி தாங்கும் வகையில் சோதிக்கப்பட்டது. டி3300, டி5300 ஆகியவை 100,000. அந்த எண்ணைத் தாண்டினால் மறுநாளே உடையும் என்று பொருளில்லை. அதற்கேற்ப விலை இறங்க வேண்டும், அவ்வளவுதான். கேனனில் அந்த எண் பொதுவாகப் படக்கோப்பில் இருக்காது, கேமராவைக் கணினியோடு இணைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் 2,000 வெள்ளியில் ஐம்பது அறுபது வெள்ளியை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறிய மானி ஆகிய மூன்றுக்கும் அது போதும். முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் ரப்பரும் மசகெண்ணெயும் வறண்டு கெட்டுவிடும். சிலர் அரிசியைப் போட்டு வைக்கச் சொல்வார்கள். அரிசித் தவிடு லென்ஸுக்குள் போன பிறகு என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். மின்சார உலர்பெட்டி பிறகு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் கேமரா வீட்டுக்கு வரும் நாளன்றே பிளாஸ்டிக் பெட்டி வீட்டில் இருக்க வேண்டும்.

தண்ணீர்மலை_ஆசிரியை:

இவ்வளவு பொறுமையாக எழுதிய உங்கள் எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பழுதுநர் ஐயா சொன்ன கதையைப் படித்துவிட்டு, வீட்டு அலமாரியில் அப்பாவின் பழைய பிலிம் கேமரா இருப்பது நினைவுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்ன அதே வெள்ளை இழைகள். என் அக்காவின் கல்யாணத்தை அப்பா எடுத்த கேமரா அது. மனம் கனத்துவிட்டது.

இணைய விளம்பரங்களில் தேடியதில் இரண்டு பொருள்கள் கண்ணில் பட்டன. ஒன்று, கிட் லென்ஸோடு கூடிய கேனன் 200டி. மற்றொன்று, நிக்கான் டி7100 உடல் மட்டும், 950 வெள்ளி. கேனன் கைக்கு அடக்கமாக இருக்கிறது; நிக்கான் கனமாக இருக்கும் போலத் தெரிகிறது. எஃப் 1.8 லென்ஸில் 35 வாங்குவதா 50 வாங்குவதா என்பதும் விளங்கவில்லை. 50 தான் மலிவு என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

செந்தூல்_படக்காரர்:

இரண்டுமே நல்ல கேமராக்கள். காணொளி நிறைய எடுப்பதாக இருந்தால் 200டி-யைத்தான் சொல்வேன்; 2017-இல் வந்தது, திரையைப் பார்த்து எடுக்கும்போது குவியம் மிக வேகமாகப் பிடிக்கும், எடையும் அரைக் கிலோவுக்குக் குறைவு. ஆனால் நீங்கள் கேட்டது மேடையும் ரதமும். டி7100 2013-இல் வந்த பழைய பொருள். 765 கிராம் எடை. அதற்குக் குவியப் புள்ளிகள் 51 இருக்கின்றன, கண்ணாடிப் பட்டகம் பொருத்திய பெரிய காட்சித்துளை இருக்கிறது, இரண்டு கார்டு போடலாம், ஒரு பேட்டரியில் ஏறக்குறைய 950 படங்கள் எடுக்கலாம். காலையிலிருந்து ரதத்தின் பின்னால் நடப்பவருக்கு இந்தக் கடைசிச் செய்தி மிகவும் உதவும். கிள்ளான் தங்கை சொன்ன மோட்டாரும் அதில் இருப்பதால், நிக்கானின் பழைய மலிவான லென்ஸ்களும் உங்களுக்குத் திறந்திருக்கும். அதன் குறை, ரா கோப்பில் (சுருக்காத மூலப் படக்கோப்பில்) தொடர்ந்து அழுத்தினால் ஐந்தாறு படங்களிலேயே மூச்சு வாங்கும். சற்று நிதானமாக அழுத்தப் பழக வேண்டும்.

35-ஆ 50-ஆ என்பதற்கு உங்கள் மண்டபம்தான் விடை சொல்ல வேண்டும். இந்தக் கேமராவின் சென்சார் 23.5 மில்லிமீட்டர் அகலம். எட்டு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்தால் 35 லென்ஸில் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் அகலம் படத்துக்குள் அடங்கும். 50 லென்ஸில் மூன்றே முக்கால் மீட்டர்தான். எட்டுப் பிள்ளைகள் வட்டமாகக் கும்மி ஆடினால் 50-இல் ஓரத்துப் பிள்ளைகள் வெட்டுப்படுவார்கள், அந்தப் பிள்ளைகளின் பெற்றோர்தான் புலனத்தில் முதலில் கேட்பார்கள். வகுப்பறைக்குள் இடம் இன்னும் குறைவு. 50 மலிவு என்பதற்காக வாங்கிப் பின்வாங்க இடமில்லாமல் சுவரோடு ஒட்டி நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தனி முகம் எடுக்க 50 அருமையான லென்ஸ். முதல் லென்ஸாக உங்களுக்கு 35 எஃப் 1.8ஜி தான் பொருந்தும். கிட் லென்ஸ் ஒன்றும் பழையதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், பகல் வெளிச்சத்தில் அதற்கு ஒரு குறையும் இல்லை.

எஃப் 1.8-இல் எல்லாப் படத்தையும் எடுத்துவிடாதீர்கள். இரண்டு மீட்டர் தூரத்தில் 50 லென்ஸை முழுவதும் திறந்தால் முன்னும் பின்னும் சேர்த்துப் பத்துப் பதினோரு சென்டிமீட்டர்தான் தெளிவாக இருக்கும். 35-இல் அதைவிடக் கூடுதல், ஆனாலும் இரண்டு வரிசையாக நிற்கும் பிள்ளைகளுக்குப் போதாது. குழுப்படத்துக்கு எஃப் 5.6 வையுங்கள்.

மண்டப விளக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால் சில குழல்விளக்குகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு நூறு முறை மங்கி ஒளிர்கின்றன. 1/250-இல் எடுக்கும்போது ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்த படம் மஞ்சளாகவும் வந்தால் கேமரா பழுது என்று பயப்பட வேண்டாம். நின்று பேசுபவரை 1/100-இல் எடுங்கள், அந்த வேறுபாடு மறைந்துவிடும். ஆட்டத்துக்கு 1/250-ஐ விட முடியாது. நாலைந்து படம் எடுத்து நல்லதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிறை_இளவல்:

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2,000 வெள்ளிக்குள் எஃப் 1.8 லென்ஸும் சேர வேண்டுமென்றால் அண்ணன் சொல்வதுதான் வழி; இதில் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் டீச்சருக்குச் சொல்ல வேண்டும். பிறகு எப்போதாவது நிக்கானின் கண்ணாடியில்லா இசட் உடலுக்கு மாறும் எண்ணம் இருந்தால், உடல் மோட்டாரை நம்பியிருக்கும் பழைய டி வகை லென்ஸ்களை அதிகம் சேர்க்காதீர்கள், எஃப்.டி.இசட். வளையத்தில் அவை பூட்டிக்கொள்ளும், குவியத்தைக் கையால்தான் வைக்க வேண்டும். 35 எஃப் 1.8ஜி ஏ.எஃப்-எஸ் வகை என்பதால் அதற்கு அந்தக் கவலை இல்லை.

டி7100-ஐப் பார்க்கப் போகும்போது துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், பினாங்குப் பாலத்தைத் தாண்டி வருவது எனக்குச் சிரமமில்லை.

தண்ணீர்மலை_ஆசிரியை:

வாங்கிவிட்டேன். இளவல் தம்பியும் அவருடைய அம்மாவும் என்னோடு வந்தார்கள். கொம்தார் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் வைத்து விற்பவரைச் சந்தித்தோம். ஷட்டர் எண் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம், சென்சாரில் மூன்று புள்ளிகள் தெரிந்தன, ரப்பர் உறுதியாக இருந்தது. சொன்ன விலையே கொடுத்தேன்.

லென்ஸ் விஷயத்தில்தான் டார்ச் விளக்கு என்னைக் காப்பாற்றியது. முதலில் வேறொருவரிடம் பார்த்த 35 லென்ஸ் வெளியே புத்தம் புதியதுபோல மின்னியது. புதுப் பெட்டிகூட வைத்திருந்தார். ஐயா சொன்னபடி பின்னாலிருந்து சாய்த்து விளக்கடித்ததும், ஓரத்தில் பெருஞ்சீரகச் செடியின் இலைபோலக் கிளை விட்ட ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. விற்பவர் அது தூசு என்றார். நான் பேசாமல் மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து வேறு ஒருவரிடம் சுத்தமான லென்ஸ் 400 வெள்ளிக்குக் கிடைத்தது. பழைய 18-55 ஒன்று 150, இன்னொரு பேட்டரியும் இரண்டு கார்டும் சேர்த்து 140, பெட்டியும் மானியும் சிலிக்கா ஜெல்லும் 60. மொத்தம் 1,700 ஆயிற்று. முள் இப்போது 46-இல் நிற்கிறது.

கும்மி ஒத்திகையை எஃப் 2, 1/250, ஐஎஸ்ஓ 3200 வைத்து எடுத்தேன். வளையல்களை ஒவ்வொன்றாக எண்ண முடிகிறது.

லென்ஸ்_பழுதுநர்:

மகிழ்ச்சி டீச்சர். மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தது சரியான செயல்.

தைப்பூசத்துக்குப் போகும் முன் இரண்டு செய்திகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். விடியலில் குளிரூட்டிய காரிலிருந்து இறங்கினால் லென்ஸ் உடனே ஆவி படிந்து மறைந்துவிடும். அதைத் துடைக்காதீர்கள். காரில் ஏறும்போதே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடிவிட்டு, இறங்கி அரை மணி நேரம் கழித்து வெளியே எடுங்கள். ஈரம் பையின் மேல் படியும், லென்ஸ் தப்பிக்கும். அடுத்தது தேங்காய்த் தண்ணீர். ரதம் வரும் பாதையில் தேங்காய்கள் குவியல் குவியலாக உடைபடும்போது தெறிக்கும் நீர் உலர்ந்தால் சர்க்கரைப்பாகுபோல ஒட்டிக்கொள்ளும், பூஞ்சைக்கு அது நல்ல சாப்பாடு. லென்ஸின் முன்னால் சாதாரணப் பாதுகாப்பு ஃபில்டர் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும், பெட்டியில் வைப்பதற்கு முன், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலையும் ஃபில்டரையும் துடைத்துக் காயவிடுங்கள்.

செந்தூல்_படக்காரர்:

ஐயாவோடு சேர்ந்து நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். வெயிலில் மின்னும் வெள்ளி ரதமும் வெள்ளை வேட்டிகளும் படச்சட்டத்தை நிறைத்தால் அது அத்தனையையும் கறுக்க வைத்துவிடும். நம் மக்களின் முகங்கள் அதில் அடையாளமே தெரியாமல் போகும். முகம் கறுத்துத் தெரிவது தோலின் நிறத்தால் வருவது அன்று, மீட்டரின் கணிப்பால் வருவது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒளித்திருத்தத்தைக் கூட்டல் ஒன்றுக்கு வையுங்கள். இரவில் ரதம் திரும்பும்போது பின்னணி இருட்டாக இருப்பதால் மீட்டர் நேர்மாறாக ஏமாறி விளக்குகளை வெளுக்கச் செய்யும். அப்போது கழித்தல் ஒன்று. முதல் ஆண்டு என்பதால் ரா கோப்பில் எடுங்கள், ஓரளவு தவறினாலும் பிறகு மீட்டுக்கொள்ளலாம்.

தேங்காய்க்கு 1/1000 நொடி, கிட் லென்ஸே போதும், பகல்தானே. இரவுக்கு 35.

தண்ணீர்மலை_ஆசிரியை:

தைப்பூசம் முடிந்து மூன்று நாள் ஆகிறது. மொத்தம் 1,140 படங்கள். பாதிக்கு மேல் அழித்துவிட்டேன். பினாங்கு ஸ்திரீட்டில் ரதம் புறப்பட்ட நேரத்தில் கூட்டத்தில் தள்ளாடி எடுத்தவை எல்லாம் சாய்ந்தே இருக்கின்றன. ஒளித்திருத்தத்தைக் கூட்டலில் வைத்துவிட்டு இரவில் கழித்தலுக்கு மாற்ற மறந்ததில் நாற்பது படங்கள் வெளுத்துவிட்டன. ரா கோப்பு என்பதால் முப்பதை மீட்க முடிந்தது.

ஆனால் ஒரு படம் கிடைத்திருக்கிறது. தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் ஒரு பெரியவர் தேங்காயை ஓங்கித் தரையில் அடிக்கிறார். ஓடு மூன்றாகப் பிளந்து இன்னும் தரையைவிட்டு எழும்பிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் அவர் முழங்கால் உயரத்துக்குத் தனித்தனித் துளிகளாக நிற்கிறது. அவர் முகத்தில் வெயிலும் இருக்கிறது, நிறமும் அப்படியே இருக்கிறது. பாதுகாப்பு ஃபில்டரில் அவருடைய தேங்காய்த் தண்ணீர்தான் தெறித்தது. ஐயா சொன்னபடி அன்றிரவே துடைத்துவிட்டேன்.

படத்தைப் பெரிதாக அச்சிட்டு அவரிடம் கொடுக்க வேண்டும். பந்தல்காரர்களிடம் கேட்டதில், அவர் ஆண்டுதோறும் அதே இடத்தில்தான் தேங்காய் உடைப்பார் என்றார்கள். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் நல்ல தாளில் அச்சிட்டுத் தரும் இடம் பினாங்கில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். மீதமிருக்கும் 300 வெள்ளியில் முதல் செலவு அதுதான்.